கடைசியாகத் தொட்ட கை

கட்டி முடித்து ஆறு மாதம் ஆகவில்லை, சுவரிலே விரிசல். உடனே யாருக்கு ஆள் போகிறது? கொத்தனாருக்கு! "கலவையிலே சிமெண்டைக் குறைத்தாயா? நனைக்காத செங்கல்லை வைத்துக் கட்டினாயா?" என்று அதட்டுகிறார் மேஸ்திரி. அவர் பின்னால் நின்று முறைக்கிறார் காண்டிராக்டர். அவருக்கும் பின்னால் நின்று பல்லைக் கடிக்கிறார் வீட்டுக்காரர். மண்ணைச் சோதிக்காமலே கடைக்கால் தோண்டச் சொன்னவர் யார்? வரைபடத்திலே கம்பியின் கனத்தைக் குறைத்து எழுதிய பேனா எவருடையது? மழைக்கு முன்னே முடித்தாக வேண்டும் என்று விரட்டி, சுவர் காயுமுன்னே தளம் போடச் சொன்ன வாய் எது? கேட்பாரில்லை. கடைசியாகத் தொட்ட கை எவனுடையதோ, அவனே குற்றவாளி! தீர்ப்பு முடிந்தது, கூலியிலே பிடித்தமும் ஆயிற்று.

இந்த நியாயம் நம் தெருவோடு நின்றுவிடுவதில்லை, தோழர்களே! சிமெண்டும் கம்பியும் போன நாடெல்லாம் இதுவும் கூடவே போயிருக்கிறது. சட்டத்தின் தாய்வீடு என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் இங்கிலாந்திலும் இது உண்டு. ஆனால் அதே இங்கிலாந்திலே, 'கடைசியாகத் தொட்டவன் யார்?' என்பதோடு நில்லாமல், 'அவனுக்கு முன்னே தொட்டவர்கள் யார் யார்?' என்று கேட்பதையே பிழைப்பாகக் கொண்ட வழக்கறிஞர் கூட்டமும் ஒன்று உண்டு. கட்டட வழக்கு, பால வழக்கு, குடிநீர்க் குழாய் வழக்கு, சாக்கடை வழக்கு, மின் நிலைய வழக்கு, இவற்றைத் தவிர வேறு வழக்கைத் தேடிப் போகாத பாரிஸ்டர்கள். அந்தக் கூட்டத்திலே ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். அவர் பெயர் ஜான் அஃப்.

பாரிஸ்டர் என்றாலே நம் பாட்டன்மார் மூக்கின்மேல் விரல் வைத்த காலம் ஒன்று இருந்தது. "சீமைக்குப் போய் வந்தவர்" என்று தெருவே எழுந்து நின்றது. விரலை எடுத்துவிட்டுப் பார்ப்போம். இங்கிலாந்திலே வழக்கறிஞர் தொழிலுக்கு இரண்டு கிளைகள். கட்சிக்காரரைச் சந்தித்து, காகிதங்களைத் திரட்டி, வழக்கைக் கட்டாகக் கட்டுகிறவர் சொலிசிட்டர். அந்தக் கட்டை வாங்கிக்கொண்டு நீதிபதி முன் நின்று வாதாடுகிறவர் பாரிஸ்டர். லண்டனிலே கிரேஸ் இன், லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்று நான்கு பழைய சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஏற்றுக்கொண்டால்தான் ஒருவர் பாரிஸ்டர் ஆக முடியும். அந்த மண்டபத்திலே உட்கார்ந்து விருந்து உண்பதும் படிப்பிலே ஒரு பகுதியாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள், உண்மைதான். பிறகு ஒரு மூத்தவரிடம் ஓராண்டுப் பயிற்சி. கொத்தனாரிடம் கையாளாகச் சேர்ந்து கரண்டி பிடிக்கக் கற்கிறானே நம் பையன், அதே முறைதான். கரண்டிக்குப் பதில் காகிதம், முண்டாசுக்குப் பதில் குதிரை மயிராலே செய்த பொய்முடி!

ஜான் அஃப் இந்தக் கூட்டத்திலே தனித்துத் தெரிவதற்குக் காரணம் அவருடைய பொய்முடி அல்ல, அதற்கு முன்னே அவர் படித்த படிப்பு. சட்டத்துக்கு வருமுன் அவர் பொறியியல் படித்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலே பொறியியலில் பட்டமும், அதன்மேல் முனைவர் பட்டமும் பெற்ற பிறகே சட்டத்தின் படி ஏறினார். 1970-இல் கிரேஸ் இன் அவரைப் பாரிஸ்டராக ஏற்றது. 1983-இல் 'அரசியின் வழக்கறிஞர்' என்ற மூத்த பட்டமும் பட்டு அங்கியும் வந்தன. 1987-இல் அதே கிங்ஸ் கல்லூரியிலே கட்டுமானச் சட்டத்துக்கென ஒரு மையம் தோன்றியபோது அதற்குத் தலைமை ஏற்று, பொறியாளருக்குச் சட்டமும், சட்டம் படித்தவருக்குப் பொறியியலும் சொல்லிக் கொடுத்தார்.

இதிலே என்ன பெரிய விந்தை என்று கேட்கலாம். வழக்கு மன்றத்திலே கம்பெனியின் நிபுணர் கூண்டில் ஏறுகிறார். 'அழுத்தம்' என்கிறார், 'நெகிழ்வு' என்கிறார், 'எதிர்பாராத நிலத்தடி நிலைமை' என்கிறார். கான்கிரீட்டைத் தொட்டறியாத வக்கீல் என்ன செய்வார்? தலையாட்டுவார். தலையாட்டிய இடத்திலே வழக்கு தோற்றுப் போகும். மண் எப்படி இறங்கும், இரும்பு எப்படி வளையும், குழாய் எந்த மூட்டிலே கசியும் என்று அறிந்தவர் முன்னே அந்த வித்தை பலிக்காது. "எதிர்பாராத நிலைமை என்கிறீர்களே, எத்தனை இடத்திலே துளையிட்டு மண்ணைப் பார்த்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியிலே நிபுணருக்கு நெற்றி வியர்த்துவிடும்.

ஆனால் அந்நாட்டு நீதிமன்றங்களுக்குத் தொடக்கத்திலே இந்த வழக்குகள் மேல் அவ்வளவு ஆசை இல்லை. ஒழுகும் கூரையும் அடைத்த சாக்கடையும் உயர் நீதிபதிகளின் மாண்புக்கு ஏற்றதாகப் படவில்லை போலும்! 1873-ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்திலே 'அஃபிஷியல் ரெஃபரி' என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். கணக்கு நீளமான வழக்கு, கட்டட வழக்கு என்றால் அங்கே தள்ளிவிடுவார்கள். தள்ளிவிடப்பட்ட அந்த இடத்திலேதான் நல்ல தொழில்முறை ஒன்று பிறந்தது. ஸ்காட் என்ற ஒரு ரெஃபரி, வாதங்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளிலே எழுதிக் கொண்டுவரச் சொன்னார். முதல் கட்டத்திலே குறை: 'குளியலறைத் தரை சரிவு தவறு.' அடுத்ததிலே எதிர்க்கட்சியின் பதில். அதற்கடுத்து, சரிசெய்ய இவர் கேட்கும் தொகை, அவர் ஒப்பும் தொகை. கடைசிக் கட்டம் நீதிபதி நிரப்புவதற்காக வெறுமையாக இருக்கும். இன்றும் அதற்கு 'ஸ்காட் அட்டவணை' என்றே பெயர். ரெஃபரிகளின் மன்றம் 1998-இல் 'தொழில்நுட்ப, கட்டுமான நீதிமன்றம்' என்று பெயர் மாறியது, அட்டவணை மாறவில்லை. வார்த்தை ஜாலத்துக்கு இடம் கொடுக்காத அந்தக் கட்டங்களின் மேல் நமக்கு மதிப்பு உண்டு. மேடையில் பேசிப் பழகிய நாமே இதை ஒப்புக்கொள்கிறோம்!

பாரிஸ்டர்களை ஏழைப் பங்காளர்கள் என்று நாம் வர்ணிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. வாடகை வண்டி வரிசையிலே முதலில் நிற்கும் வண்டி, வருகிற சவாரியை ஏற்றியாக வேண்டும் அல்லவா? அதுபோல், தன் துறை வழக்கு, தனக்கு ஓய்வு இருக்கிறது, உரிய கட்டணமும் வருகிறது என்றால், கட்சிக்காரர் முகத்தைப் பார்த்து மறுக்கக் கூடாது. விதி என்னவோ அழகானதுதான். ஆனால் கட்டணம் கொடுக்க முடிந்தவர்தானே வண்டியில் ஏற முடியும்?

கட்டணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று. லண்டன் வெம்பிளி கால்பந்து அரங்கத்தின் மேலே வானவில் போல் வளைந்து நிற்கும் எஃகு வளைவைப் படத்திலே பார்த்திருப்பீர்கள். அரங்கத்தின் பெரிய ஒப்பந்தக்காரர் மல்டிபிளெக்ஸ். எஃகு வேலையை எடுத்தது கிளீவ்லண்டு பிரிட்ஜ் என்ற பழைய கம்பெனி. 2004-இல் இரண்டும் முட்டிக்கொண்டன. எஃகுக் கம்பெனி வேலையிடத்தை விட்டு வெளியேறியது. வழக்கு பல கட்டமாக நடந்து 2008-இல் முடிந்தபோது மல்டிபிளெக்சுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 60 லட்சம் பவுண்டு. இரு தரப்பும் வழக்குக்குச் செலவிட்டதோ 2 கோடியே 20 லட்சம் பவுண்டு! அதிலே நகல் எடுத்த கூலி மட்டும் 10 லட்சம் பவுண்டு. தாளை இயந்திரத்திலே வைத்து எடுப்பதற்கு ஆன செலவு இது, தோழர்களே! அந்தப் பணத்தில் எத்தனை பற்றவைப்புத் தொழிலாளிகளின் வீட்டிலே எத்தனை ஆண்டு அடுப்பு எரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஜாக்சனே, பேசித் தீர்த்துக்கொள்ளும்படி எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கேட்பவர் இல்லை.

இப்படிப் பெரியவர்கள் வழக்காடிக்கொண்டே இருந்தால் கீழே இருப்பவன் கதி என்ன? மேல் ஒப்பந்தக்காரர் பணத்தை நிறுத்துகிறார். உள் ஒப்பந்தக்காரர் கையை விரிக்கிறார். சனிக்கிழமை மாலை தொழிலாளி வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். 'எனக்கு மேலே இருப்பவர் கொடுத்தால் உனக்குக் கொடுப்பேன்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்த காலம் அது. 1994-இல் மைக்கேல் லாதம் என்பவர் தந்த அறிக்கை இந்த நோயைத் தொட்டுக் காட்டியது. 1996-இல் சட்டம் வந்தது. 1998 மே முதல் நடைமுறைக்கும் வந்தது. கட்டுமான ஒப்பந்தத்திலே தகராறு என்றால் எந்த நேரத்திலும் ஒரு நடுவரிடம் போகலாம். நடுவர் 28 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முதலில் பணத்தைக் கொடு, குறை இருந்தால் பிறகு வழக்காடு! 'மேலே வந்தால்தான் கீழே' என்ற வாசகமும், மேலே இருப்பவர் நொடித்துப் போன நிலை தவிர, செல்லாது என்றாகிவிட்டது. கூலித் தொழிலாளியின் பெயர் அந்தச் சட்டத்திலே இல்லை. ஆனால் அவன் மேஸ்திரிக்குப் பணம் வந்தால்தானே அவனுக்குக் கூலி வரும்?

இனித் தண்ணீருக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்சிலும் குடிநீரும் சாக்கடையும் 1989-இல் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போயின. ஆறே ஆண்டில், 1995 கோடையிலே, யார்க்ஷயரின் மேற்குப் பகுதியிலே நீர்த்தேக்கங்கள் வற்றின. மழைக்குப் பேர்போன நாட்டிலே இரவும் பகலும் டாங்கர் லாரிகள் வரிசை கட்டி ஓடி, நீர்த்தேக்கங்களுக்குத் தண்ணீர் சுமந்தன. முறை வைத்து நீரை நிறுத்தும் திட்டம் கூடப் பேசப்பட்டது. கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர், தாம் மூன்று மாதமாகக் குளிக்கவே இல்லை என்று மக்களுக்கு முன்மாதிரி காட்டினார். மக்களோ, "உம்முடைய குளியல் கிடக்கட்டும், தெருவுக்குத் தெரு குழாய் கசிகிறதே, அதைப் பாரும்" என்றார்கள். வானம் பொய்த்ததா, குழாய் பொய்த்ததா? இதை விசாரிக்க அமைந்த குழுவுக்குத் தலைவர் ஜான் அஃப். 1996-இல் அறிக்கை வெளிவந்தது. வறட்சி கடுமையானது என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் கசிவை அடைப்பதிலும், காசு கொடுக்கும் மக்களை நடத்துவதிலும் கம்பெனியிடம் இருந்த குறைகளை எடுத்து வைத்தது. கடைசியாகத் தொட்ட கை என்று இங்கே காட்டப்பட்டது குழாயைத் திறந்த குடும்பத் தலைவியின் கை. விசாரணையோ பூமிக்கு அடியிலே போய்ப் பார்த்தது.

சாக்கடைக்கும் இதே கதைதான். லண்டன் ஸ்டான்மோரிலே ஒரு வீட்டுக்காரர். 1992 முதல் மழை பெய்யும்போதெல்லாம் அவர் தோட்டத்திலே சாக்கடை நீர். பழைய குழாய், பெருகிவிட்ட வீடுகள். கம்பெனி குழாயைப் பெரிதாக்கவில்லை. வழக்குப் போட்டார். 2003-இல் பிரபுக்கள் சபை, 'கண்காணிப்பு அதிகாரியிடம் முறையிடும், நீதிமன்றத்துக்கு வராதீர்' என்று கதவைச் சாத்தியது. 21 ஆண்டு கழித்து, 2024 ஜூலை 2-ஆம் நாள், மான்செஸ்டர் கப்பல் கால்வாய்க் கம்பெனியின் வழக்கிலே, அனுமதியின்றிச் சாக்கடையை நீர்நிலையிலே விட்டால் அந்த நீர்நிலைக்கு உரியவர் வழக்குத் தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கதவு சற்றே திறந்தது. திறந்தது யார் தட்டி? தோட்டக்காரர் தட்டியபோது திறக்கவில்லை. கால்வாய்க்கே சொந்தக்காரர் தட்டியபோது திறந்தது. இதை நாம் கவனிக்காமல் விடுவதற்கில்லை.

ஜான் அஃப் கடல் கடந்தும் போனார். டிரினிடாடிலே அரசின் கட்டுமானக் கழகமும் பொதுக் கட்டட வேலைகளும் பெரும் புகாருக்கு உள்ளானபோது, 2008-இல் அமைந்த விசாரணைக் குழுவுக்கு அவரே தலைவர். 2010-இல் 91 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தார். கரும்புக் காட்டுக்குக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நம்மவர்களில் ஒரு பகுதியினரை ஏற்றிக்கொண்டுபோன தீவு அது. அவர்களுடைய பேரர்களின் வரிப்பணமும் அந்தக் கணக்கிலே இருந்தது.

ஆனால் அவருடைய பணியிலே நம் நெஞ்சில் தங்குவது சவுத்தால்தான். அதைச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

1997 செப்டம்பர் 19. வேல்சிலே ஸ்வான்சியிலிருந்து லண்டன் பாடிங்டனுக்கு விரைவு ரயில் வருகிறது. மணிக்கு 125 மைல் ஓடக்கூடிய வண்டி. சவுத்தால் அருகே ஒரு சரக்கு வண்டி தண்டவாளங்களைக் குறுக்கே கடக்கிறது. எச்சரிக்கும் மஞ்சள் விளக்குகள் எரிகின்றன. அதன் பின் சிவப்பு. விரைவு ரயில் எல்லாவற்றையும் தாண்டி வந்து மோதியது. 7 பேர் மாண்டனர்; 139 பேர் காயமுற்றனர்.

பிடி டிரைவரை! அவர்மேல் கொலைக்கு ஒப்பான குற்றம் சாட்டினார்கள். விளக்கைப் பார்க்கத் தவறினார் என்பது உண்மை. நாமும் அதை மறைக்கவில்லை, ஜான் அஃப் தலைமையில் நடந்த விசாரணையும் மறைக்கவில்லை. ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. வண்டியிலே ஓர் எச்சரிக்கைக் கருவி உண்டு. பச்சை விளக்கை நெருங்கினால் மணி அடிக்கும். எச்சரிக்கை விளக்கை நெருங்கினால் ஊதல் ஊதும். டிரைவர் உடனே பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் தானே விழும். மனிதன் அயர்ந்துபோவான் என்று தெரிந்துதான் இதை வைத்தார்கள். அன்றைக்கு அந்தக் கருவி வேலை செய்யவில்லை. பழுது முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது, சரியாகவில்லை. கருவியை அணைத்து வைத்தபடியே வண்டியை ஓட்ட விட்டார்கள். அதைவிட மேலான தானியங்கிப் பாதுகாப்புக் கருவி ஒன்றும் அதே வண்டியிலே பொருத்தியிருந்தது, அதுவும் முடுக்கப்படவில்லை. ஆக, இரண்டு காவலாளிகளும் உறங்க, ஓட்டும் அறையிலே தனி ஒருவர்!

பணிமனையிலே பழுது பார்க்காதவர் யார்? கருவி இல்லாமலும் ஓட்டலாம் என்ற விதியை எழுதியவர் யார்? 1988-இல் கிளாப்பம் சந்திப்பிலே 35 பேர் மாண்டபோது, நாடெங்கும் தானியங்கிக் கருவி வேண்டும் என்று அன்றைய விசாரணை சொன்னதே, செலவு அதிகம் என்று அதை ஒதுக்கியவர் யார்? பொறியாளராக இருந்து வழக்கறிஞரானவர் தலைமையிலே, ஓட்டும் அறையிலிருந்து பணிமனைக்கு, பணிமனையிலிருந்து நிர்வாக அறைக்கு, அங்கிருந்து அமைச்சகத்துக்கு என்று விசாரணை படியேறியது.

ஏறுவதற்கும் தடை இருந்தது. குற்ற வழக்கு முடியட்டும் என்று விசாரணையை இரண்டு ஆண்டு காக்க வைத்தார்கள். டிரைவர் மேலிருந்த வழக்கு கைவிடப்பட்டது. கம்பெனி மேல் போட்ட மரணக் குற்ற வழக்கோ, நிர்வாகத்திலே இன்னார் தவறு என்று ஒரு தனி மனிதரைச் சுட்டாததால் செல்லாது என்று தள்ளுபடியாயிற்று. டிரைவருக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, பிடித்தார்கள். கம்பெனிக்கு முகம் இல்லை, தப்பித்தது! பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்காக 1999-இல் 15 லட்சம் பவுண்டு அபராதம் மட்டும் விழுந்தது. அதே ஆண்டு, சவுத்தால் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, அக்டோபர் 5-ஆம் நாள், பாடிங்டனை அடுத்த லாட்புரோக் குரோவிலே இன்னொரு வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டியது. 31 பேர் மாண்டனர். காத்திருந்ததன் விலை அது.

சவுத்தால் அறிக்கை 2000-இல் வந்தது. பிறகு ஜான் அஃப்பும், லாட்புரோக் குரோவை விசாரித்த கல்லன் பிரபுவும் சேர்ந்து ரயில் பாதுகாப்புக் கருவிகள் பற்றித் தனியே விசாரித்து 2001-இல் அறிக்கை தந்தார்கள். கம்பெனிக்கு முகம் இல்லை என்ற ஓட்டையை அடைக்க நாடாளுமன்றத்துக்கு 2007 வரை நேரம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி, நிர்வாகத்தின் பெருங்குறையாலே சாவு நேர்ந்தால், தனி ஒருவரைச் சுட்டாமலே கம்பெனியைக் குற்றவாளி ஆக்கலாம். 2008 ஏப்ரல் 6-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. சவுத்தாலிலே மோதிய நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே பத்தரை ஆண்டு.